பம்பு அறைக்குப் பின்னால் நின்ற கலவன்கள்

விதைப் பண்ணையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கழித்துக்கட்டி. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. மேடம் என்றும் அம்மா என்றும்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. தன் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் துப்பு கிடையாது, ஏதோ வாய் தவறிச் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சூரியகாந்தியில் புது ரகம் உண்டாக்குவது அவள் தொழில். வெளியாட்கள் அதை ஏதோ பூந்தோட்ட வேலை என்று எண்ணிக்கொண்டு, "எவ்வளவு அழகான வேலை!" என்று உருகுவார்கள். அப்படி உருகியவர்களோடு அவள் அடுத்த பேச்சுப் பேசியதில்லை. இரண்டு செடிகளைச் சேர்த்து, வரும் விதையைப் போட்டு, அதன் பிள்ளைகளையும் விதைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து முதல் காற்றிலேயே படுத்துவிடும். ஒன்று குட்டையாக நின்று களையோடு களையாகிவிடும். ஒன்றின் பூத்தலை சாப்பாட்டுத் தட்டைவிட அகலமாக இருக்கும். நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் அத்தனையும் பொக்கு. இன்னொன்றில் எண்ணெய் கொழிக்கும், ஆனால் ஒரே தண்டில் ஒழுங்காக நிற்காமல் கிளை கிளையாகப் பிரிந்து, கிளைக்கொரு பொத்தான் பூவை வைத்துக்கொண்டு பல்லை இளிக்கும். இந்தச் சந்தைக் கூட்டத்துக்குள் அவள் காலையிலேயே கத்தரியோடு இறங்குவாள். வெட்டிக்கொண்டே போவாள். நல்லதைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான், ஒவ்வொரு செடியிலும் ஏதாவது நல்லது இருக்கத்தான் செய்யும் என்பது அவள் கணக்கு. அதனால் அவள் தேடியது குறையைத்தான். குறையிருந்தால் கத்தரி. அவள் நடந்து முடித்த வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள், தப்பிப் பிழைத்த திகைப்போடு நின்றுகொண்டிருக்கும். அவற்றின் தலைக்குத் துணிப்பையை மாட்டி, தேனீ அண்டாமல் கட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க வைப்பாள். அடுத்த பருவம் மறுபடியும் விதைப்பு, மறுபடியும் கத்தரி.

மனிதர்களிடமும் அவளுக்கு வேறு முறை தெரியாது. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்களில் ஒருவனுக்குக் குரல் சரியில்லை. ஒருவன் பேசும்போது பக்கத்தில் இருப்பவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசினான். ஒருவன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தான். அப்படிப்பட்டவன் ஏன் இன்னும் கல்யாணமாகாமல் இருக்கிறான் என்று சந்தேகப்பட்டு அவனையும் கழித்தாள். பிறகு யாரும் வரவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையும் குளியலறையும் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள்.

"அண்ணி, இத்தனை வருஷத்துல நீங்க எதையாவது நல்லாருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல," என்று தம்பி மனைவி ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாள்.

"நல்லா இருந்தா சொல்ல மாட்டேனா?" என்றாள் இவள்.

பண்ணைக்குப் புது டைரக்டர் வந்தார். அதற்கு முன்பு ஒரு சோப்புக் கம்பெனியில் விற்பனையைப் பார்த்தவர். வந்த முதல் வாரத்திலேயே போட்டோக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். சட்டைக் கைகளை அளவாக மடித்துவிட்டுக்கொண்டு, வயலோரத்தில் வாய்க்காலை ஒட்டி நின்ற ஒரு பெரிய பூவின் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன மேடம், இது இவ்வளவு பெரிசா இருக்கு! இதை ஏன் நாம ரகமா விடல?"

"அது வாய்க்கால் ஓரம் சார். ஒரு பக்கம் போட்டிக்கு ஆளே இல்ல. தண்ணியையும் எருவையும் தின்னு பெருத்திருக்கு. அதோட விதையை நடுவயல்ல போட்டுப் பாருங்க, மத்ததோட மத்ததா நிக்கும். தின்னு பெருக்குறதுக்கும் பிறப்புக்கும் சம்பந்தமில்ல."

டைரக்டர் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு நடுவயலைப் பார்த்தார். அவள் பல வருஷம் கழித்துக் கழித்து உருவாக்கிய ரகம் அங்கே நின்றது. எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன், எல்லாத் தலைகளும் ஒரே சாய்வில் நிலத்தைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன.

"இதெல்லாம் ஏன் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது? போட்டோல ரொம்ப சோகமா வருமே."

"தொங்கினாத்தான் மழைத் தண்ணி தேங்காது. குருவி உக்காந்து தின்ன முடியாது. நிமிர்ந்து நின்னா போட்டோவுக்கு நல்லாருக்கும், அப்புறம் அழுகும்."

அன்றிலிருந்து அவள் மனதுக்குள் அந்த ஆளுக்கு 'போட்டோ' என்று பெயர். அந்த ரகம் மட்டும் போட்டோவின் தயவில்லாமலே ஓடியது. சாயவில்லை, குருவி தின்னவில்லை, எல்லாம் ஒரே நாளில் முற்றியது, இயந்திரத்தை விட்டு ஒரே மட்டத்தில் அறுக்க முடிந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க அதையே விதைத்தார்கள். போட்டோ அதைத் தன் சாதனையாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சோப்பு விற்றவனுக்கு நுரைதான் தெரியும்.

அவள் உண்மையாகவே வெறுத்தது தன் உதவியாளரை. அவரும் அவள் படித்த படிப்பையே படித்து, அவளுக்குச் சில வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். பெயர் என்னவாக இருந்தாலும் பண்ணை முழுக்க அவர் 'நாளைக்கு'தான். எதைச் சொன்னாலும் "நாளைக்கு முடிச்சிடலாம் மேடம்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு கனிவு வேறு இருக்கும், ஏதோ நாளைய தினத்தைத் தன் கையால் அவளுக்குப் பரிசளிப்பதுபோல. செருப்பைத் தேய்த்து நடப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. மாலை தேநீருக்குக் கன்னத்தில் சாக்கின் அச்சோடு வந்து சேருவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் முயற்சி வேண்டுமே.

இருவருக்கும் நடுவில் ஓயாமல் நடந்த சண்டை பம்பு அறைக்குப் பின்னால் இருந்த புதரைப் பற்றியது. அவளுக்கு முன்னால் இருந்த அதிகாரி எங்கிருந்தோ காட்டுச் சூரியகாந்தி விதை கொண்டுவந்து அங்கே போட்டுவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அது செடி என்று சொல்லவே அவளுக்கு வாய் கூசும். சொரசொரவென்று முள் போன்ற ரோமம், தாறுமாறாகக் கிளைகள், கிளை நுனியெல்லாம் பொத்தான் பூக்கள். விதை சீரகத்தைவிடச் சற்றுப் பெரிசு, தொட்டால் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் உடனே முளைக்கவும் முளைக்காது. கொஞ்சம் இந்த வருஷம், கொஞ்சம் அதற்கடுத்த வருஷம் என்று மண்ணுக்குள் படுத்துக்கிடந்து இஷ்டத்துக்கு எழுந்திருக்கும். இது மட்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் தேனீக்கு நல்ல குலம் கெட்ட குலம் தெரியாது. அந்தப் புதரில் புரண்டுவிட்டு நேராக அவள் விதைப் பெருக்க வயலுக்கு வரும். அடுத்த பருவத்தில் அவளுடைய ஒழுங்கான வரிசைக்குள் கிளைவிட்ட ஒரு செடி முளைத்து நிற்கும். ரகத்துக்குள் கலந்து முளைக்கும் அந்நியச் செடியைப் பண்ணையில் கலவன் என்பார்கள். கலவனைக் கண்டால் வேரோடு பிடுங்கி வெளியே எறிய வேண்டும் என்பது விதி. அவளிடம் அது விதியாக இல்லை, ஆத்திரமாகவே இருந்தது.

"பம்பு ரூம் பின்னாடி இருக்கறதை வேரோட பிடுங்கச் சொன்னேனே, என்ன ஆச்சு?"

"முக்கால்வாசி ஆச்சு மேடம். மிச்சத்தை நாளைக்கு முடிச்சிடலாம்."

முக்கால்வாசி என்பது பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்வரிசை. அதை வெட்டிவிட்டு, பின்னால் இருப்பதை அப்படியே விட்டுவிடுவார். இது ஒவ்வொரு வருஷமும் நடந்தது. வேலை முடிந்ததா என்று அவள் பின்பக்கம் போய்ச் சரிபார்த்ததில்லை. பம்பு அறை வாசலில் எப்போதும் சேறு. அந்தச் சேற்றில் கால் வைக்க அவளுக்குப் பிடிக்காது.

குளிர் அறையைச் சுத்தம் செய்ததும் அந்தக் காலத்தில்தான். விதைப் பைகள் வைக்கும் அறை அது. பழைய ஆட்கள் சேர்த்துவைத்த, பெயரில்லாத, ஒழுங்கில்லாத, ஒன்றுக்கும் ஆகாத கலவைச் சரக்கு பாதி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. தன் ரகத்தின் விதைக்கு இடம் போதவில்லை என்று அவற்றை வெளியேற்ற முடிவு செய்தாள். இந்த வேலையை நாளைக்கிடம் விடவில்லை. அவரை நம்பினால் விடியாது என்று தானே பக்கத்தில் நின்று, ஆட்களை வைத்து, ஒரே நாளில் அத்தனையையும் அள்ளிக் குழியில் கொட்டித் தீ வைத்தாள். அறை பளிச்சென்று ஆனது. அன்றைக்கு அவளுக்கு இருந்த திருப்தி, வேறு பெண்களுக்குப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால் இருக்கும் திருப்தி.

பிறகு ஒரு பருவம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. குளிர் குறையவே இல்லை. ஒரு வயல்காரரிடமிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் ஜீப்பில் போய் இறங்கினாள். போட்டோவும் நாளைக்கும் கூட வந்தார்கள்.

செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. இலைகள் வெளிறி நரம்பு தெரிந்தன. ஒன்றைத் திருப்பினாள், அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ச் சாம்பல் பூத்திருந்தது. அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததை. வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு செடிகூட மாறவில்லை. அடிச்சாம்பல் நோய் புதிதல்ல. அதன் பழைய வகைகளை அவள் ரகம் தாங்கும். இது புது வகை. பழைய பூட்டுக்குப் புதிதாகச் செய்த சாவிபோல வந்திருந்தது. அவள்தான் வட்டாரம் முழுக்க ஒரே பூட்டாக மாட்டிவைத்திருந்தாளே.

வயல்காரர் சத்தம் போடவில்லை. "ஒண்ணுபோல வரும்னு சொல்லிக் குடுத்தீங்க," என்றார். "ஒண்ணுபோலத்தான் வந்திருக்கு."

அவளுக்கு அந்த ஆளைத் திட்ட ஒரு குறையும் கிடைக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் போட்டோ பேனாவை விரல்களுக்கிடையே சுழற்றியபடி கேட்டார். "இதைக் காலநிலைன்னு சொல்லிடலாமா மேடம்? இந்த ஸ்டாக்கை மட்டும் வித்துட்டு, அப்புறம் பார்த்துக்கலாமே."

"சொல்லலாம் சார். சோப்பு நுரைக்கலேன்னு வந்தவங்ககிட்டயும் காலநிலைன்னுதானே சொல்லியிருப்பீங்க."

"நான் ஒரு யோசனைதான் சொன்னேன்."

"அது யோசனை இல்ல சார், மோசடி. விதையை இன்னிக்கே நிறுத்தணும். நீங்க நிறுத்தலேன்னா, வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் வாசல்ல நின்னு சொல்லுவேன்."

போட்டோ நிறுத்தினார். நேர்மைக்குப் பயந்து அல்ல. அவள் வாசலில் நின்று பேசினால் யாராவது அதைப் படமெடுத்துவிடுவார்கள் என்று பயந்து.

அடுத்து அவள் நோய் தாங்கும் செடியைத் தேடத் தொடங்கினாள். முளைகட்டிய விதையை நோய்க்கிருமி கலந்த தண்ணீரில் நனைத்து, தட்டுகளில் நட்டு, ஈரமும் குளிருமாக வைத்துப் பார்க்க வேண்டும். தாங்காதவற்றின் முதல் இலையிலேயே சாம்பல் பூத்துவிடும். கையில் இருந்த ஒவ்வொரு வழித்தோன்றலையும் வைத்தாள். ஒவ்வொரு தட்டும் வெளுத்தது. நியாயம்தானே, எல்லாம் ஒரே குடும்பம். பிடித்தது பிடிக்காதது என்று அவளே கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரே முகமாக்கி வைத்திருந்த குடும்பம். இந்தப் புது வியாதியை எதிர்க்கும் ஏதோ ஒரு குணம், ஏதோ ஒரு கோணல் செடியோடு சேர்த்து என்றைக்கோ அவள் கத்தரியில் போயிருக்கும். இல்லை, அந்தக் குழியில் எரிந்திருக்கும். வெளி ஆராய்ச்சி நிலையங்களுக்கு விதை கேட்டு எழுதினாள். பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய இளக்காரத்துக்கு ஆளாவதற்குத் தகுதியான ஓர் ஆள், குளியலறைக் கண்ணாடியில் தினமும் காலையில் அவளைப் பார்த்தது. அந்த முகத்தை அவளால் கழிக்க முடியவில்லை. கீழே இறங்கி, தம்பி மனைவி போட்டுக்கொடுத்த தேநீரில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவாள்.

ஒருநாள் மதியம் சோதனை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. பம்பு ஓட்டுகிறவரைக் காணோம். கத்திப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவளே சேற்றில் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பம்பு அறையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

அங்கே அந்தப் புதர் தலைக்கு மேல் அடர்ந்து, கருகருவென்ற பச்சையில் நின்றது. சுற்றுவட்டாரத்தில் சூரியகாந்தி என்று பேர் சொல்ல உருப்படியாக ஒரு செடி இல்லாத நேரம். புதரின் நடுவில் ஆள் படுக்கிற அளவுக்கு வெட்டி ஒழுங்குபடுத்தி, மேலே கிளைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கூரைபோலப் பண்ணி, கீழே சாக்குகளை விரித்து, சாக்கின் மேல் நாளைக்கு வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். வருஷா வருஷம் முன்வரிசையை மட்டும் வெட்டிய மர்மம் விளங்கிவிட்டது. தன் படுக்கையறையின் சுவரை யாராவது இடிப்பார்களா?

அவள் அவரை எழுப்பவில்லை. அவருக்கு மேலே தொங்கிய ஓர் இலையைத் திருப்பினாள். சுத்தம். இன்னொன்று, அதுவும் சுத்தம். மூன்றாவது செடியில் சாம்பல் இருந்தது. நான்காவதில் இல்லை. பக்கத்திலேயே நோய் தாக்கியது ஒன்று நின்றும் இதைத் தொடவில்லை என்றால், நோய் வந்து பார்த்துவிட்டு முடியாமல் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அவள் அடுத்தடுத்த இலைகளைத் திருப்பிக்கொண்டே போனாள். இலை சலசலத்ததில் நாளைக்கு கண் விழித்து, தலைக்கு மேல் அவளைப் பார்த்து அலறிப் புடைத்து எழுந்தார்.

"மேடம்! நாளைக்கே... இல்ல இல்ல, இன்னிக்கே எல்லாத்தையும் வெட்டிடறேன் மேடம். இதோ அரிவாள் எடுத்துட்டு வர்றேன்."

"தொட்டீங்க, கையை முறிச்சிடுவேன்."

"மேடம்?"

"ஒரு இலை கீழ விழக் கூடாது. சாக்கை எடுத்துட்டு வெளிய போங்கய்யா."

அவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு, எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று புரியாமல், புரிந்துகொள்ள முயற்சியும் செய்யாமல் போனார்.

அந்தப் பொடி விதைகளை முளைக்க வைப்பதே ஒரு போராட்டம். தோலை நகத்தால் உரித்து, ஊறவைத்து, சூடும் குளிரும் காட்டி எழுப்பினாள். கிருமித் தண்ணீரில் நனைத்தாள். பாதி செத்தது, பாதி பிழைத்தது. பிழைத்ததை எடுத்துத் தன் ரகத்தோடு சேர்த்தாள். விடிந்ததும் வயலுக்குப் போய், ரகத்தின் பூ ஒவ்வொன்றிலும் ஆண் பாகத்தை இடுக்கியால் கிள்ளி எறிந்துவிட்டு, காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவினாள். தடவும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தடவினாள்.

பிறந்தவை அத்தனையும் தகப்பனை உரித்து வைத்திருந்தன. கிளை, ரோமம், பொத்தான் பூ. முன்பென்றால் வயலின் முதல் வரிசையைப் பார்த்ததுமே முழுவதையும் உழுதுபோடச் சொல்லியிருப்பாள். இப்போது அந்த அவலட்சணங்களின் தலைக்கு ஒவ்வொன்றாகப் பை கட்டி, காவல் காத்து, அவற்றை மறுபடி தன் ரகத்தோடு சேர்த்தாள். அடுத்த தலைமுறையைத் தட்டில் வைத்து நோய் கொடுத்தால் சரிபாதி பிழைத்தது. அது நல்ல சேதி. நோயைத் தாங்கும் குணம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். கெட்ட சேதி என்னவென்றால், பிழைத்ததெல்லாம் வளர்ந்து கிளைவிட்டது, கிளைவிடாமல் வளரக்கூடியதெல்லாம் தட்டிலேயே செத்திருந்தது. இரண்டு குணமும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு வந்தன. பிரியும் வரை விதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பருவத்துக்குப் பருவம் விதைத்தாள். அழகாக ஒற்றைத்தண்டில் நிமிர வேண்டிய நாற்று தட்டிலேயே அழுகிச் சாவதையும், கோணல் செடி தெம்பாக வளர்வதையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

நாளைக்கு இதற்குள் திருந்தியிருப்பார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பருவத்தில் ஒரே ஒரு வரிசைக்குப் பை கட்டும் வேலையை அவரிடம் கொடுத்தாள். நாளைக்குக் கட்டலாம் என்று விட்டார். பூ மலர்ந்தது, தேனீ புகுந்து விளையாடியது, அந்த வரிசை முழுக்கப் பாழ். ஒரு வருஷ உழைப்பு.

"உங்களை நான் எந்தச் செடியோட ஒப்பிடுவேன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல மேடம்."

"எதோடயும் இல்ல. செடி வேலை செய்யும்."

கடைசியில் ஒரு பருவம், பிழைத்த நாற்றுகளுக்கிடையே ஒன்று கிளையில்லாமல் வளர்ந்தது. தண்டில் ஒரு வளைவு, தலை ஒரு பக்கமாகக் கோணி, விதை நடுத்தரம். அதன் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். கையில் கத்தரி இருந்தது. கத்தரியைப் பையில் போட்டுவிட்டு, செடிக்கு முட்டுக் கொடுக்கத் தானே குச்சி தேடிப் போனாள். அதன் சந்ததியிலிருந்துதான் புது ரகம் வந்தது. பழையதுபோல் அச்சில் வார்த்ததாக இல்லை. உயரத்தில் முன்னே பின்னே இருந்தது, அங்கங்கே ஒரு செடி கிளை காட்டியது. ஆனால் அடுத்த ஈரப் பருவத்தில் வட்டாரத்து வயல்களில் பூத்து நின்றது.

போட்டோ உடனே விழா எடுத்தார். வாடகை அரங்கம், பெரிய திரை, திரையில் அவருடைய மடித்த சட்டைக் கைகள். மேடையேறி, "அழியப்போன காட்டுச் செடிகளைப் பல வருஷமா யாருக்கும் தெரியாம பாதுகாத்த தொலைநோக்கு மனிதர்" என்று நாளைக்கைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார். பம்பு அறைக்குப் பின்னால் இருந்த இடத்துக்கு வேலி போட்டு அவர் பெயரையே வைக்கப்போவதாகவும் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. நாளைக்கு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செடிகளிடம் தனக்கு எப்போதுமே ஒரு பாசம் என்றார். பல மதியங்களை அவற்றோடு தனிமையில் கழித்திருப்பதாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அவர் கண் கலங்கியது வேறு. அதற்குள் அவரே நம்பிவிட்டிருந்தார்.

பிறகு அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஏறினாள்.

"இவர் எதையும் காப்பாத்தல. வெட்டச் சொன்னேன், வெட்டல. தூங்க நிழல் வேணும்னு விட்டு வெச்சார். வெட்டச் சொன்னது நான். குளிர் அறையில இருந்ததை எரிச்சதும் நான். நோய் தாங்காதுன்னு தெரிஞ்ச விதையை விக்கலாமான்னு டைரக்டர் கேட்டார். எங்க மூணு பேர்ல யாருக்கும் கேடயம் குடுக்கற மாதிரி ஒண்ணும் நடக்கல. அந்தச் செடி தானா பிழைச்சுது."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. மேடத்துக்கு இவ்வளவு நகைச்சுவை வருமா என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். போட்டோ எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அவளுக்கு மேடை விளக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் நாளைக்கு அவள் அறைக்கு வந்தார். "நேத்து நீங்க பேசினதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல மேடம்."

"வருத்தம் வரணும்னுதான் பேசினேன்."

"பரவால்ல மேடம்," என்று கனிவோடு சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளை அவமானப்படுத்தவும் முடியாது என்று அவளுக்கு அன்றைக்கு உறுதியானது.

அதற்குப் பிறகு பண்ணையில் அவளுக்குக் கொஞ்ச வருஷம்தான் இருந்தது. அதில் பாதியைக் காட்டு விதை பொறுக்குவதில் செலவழித்தாள். ரயில் பாதை ஓரம், குப்பைமேடு, கைவிட்ட கட்டடங்களின் பின்புறம் என்று அலைந்தாள். ஜீப்புக்கு அனுமதி வேண்டியபோது போட்டோவிடம், "படத்துக்கு ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்று ஒரு வார்த்தை போட்டாள். அனுமதி அன்றைக்கே வந்தது. போட்டோக்காரரும் கூடவே வந்தார், அவரைக் கொண்டு விதைப் பைகளைச் சுமக்க வைத்தாள். ஒவ்வொரு புதரிலும் நல்ல செடி மட்டும் என்று பார்க்காமல், நோஞ்சான், கோணல், சொறி பிடித்தது என்று எல்லாவற்றிலிருந்தும் கைப்பிடி எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்: "பாரு, மூஞ்சியைப் பாரு. இதையெல்லாம் நான் தூக்கிட்டுப் போகணும்னு தலையெழுத்து."

பைகள் குளிர் அறையை நிறைத்தன. அவற்றில் ஒன்றையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்றும் பிரிவுபசாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விதைப் பெருக்க வயலில் இறங்கினாள். காட்டு விதைக்குக் குளிர் அறையில் இடம் உண்டு. விற்கிற விதைக்குள் அதற்கு என்ன வேலை? கிளைவிட்ட கலவன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டே கடைசி வரிசை வரை போனாள். கேடயத்தை மேசையில் வைத்திருந்த நாளைக்கு, அடுத்த தலைமை அதிகாரியாகப் போகிறவர், வரப்பில் குடை பிடித்து நின்று, "மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் மேடம்" என்றார்.

"எப்போ?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே குனிந்து அடுத்த கலவனைப் பிடுங்கினாள்.